சுக்குக்கும் தவசிலிங்கத்துக்கும் ஒரே உடம்பு

ஒரு ஊர்ல ஒரு பூனை இருந்துச்சாம்னு ஆரம்பிக்க எனக்கு இஷ்டமில்ல. இருந்துச்சாம் என்ன இருந்துச்சாம்? இருந்துச்சு. என் மடியில, என் தலமாட்டுல, நான் சேவுப் பாக்கெட்டு வாயை மெழுகுவத்தியில காட்டி ஒட்டுற மணைக்குப் பக்கத்துல, பதினெட்டோ பத்தொம்போதோ வருசம் இருந்துச்சு. பேரு சுக்கு. பொறந்தப்பவே காஞ்சு சுருங்கிப் பழுப்பாக் கிடந்துச்சுன்னு நான் வெச்ச பேரு. என் பேரு தங்கபுஷ்பம். கட்டுனவன் பம்பாய்க்குப் பொழைக்கப் போயி அங்கயே இன்னொருத்தியோட குடும்பமாயிட்டான், எனக்குப் பிள்ளை குட்டி கிடையாது, சுக்குதான் எல்லாம். இதைக் கேட்டு யாரும் ஐயோ பாவம்னு உச்சுக்கொட்ட வேண்டாம். நான் சொல்ல வந்தது வேற.

எங்க தெரு பூரா சேவு போடுற கொட்டகைதான். அதுல பெரிய கொட்டகை தவசிலிங்கத்தோடது, என் வீட்டுக்கு ஒட்டுச்சுவர். எங்க தெருவுல ஒரு வழக்கம் உண்டு. பழைய எண்ணெயை எறக்கிட்டுப் புது எண்ணெய் ஊத்துற வெள்ளிக்கிழமை, சட்டியைச் சுத்திச் சூடம் காட்டி, மொத ஈடு வெந்து மேல வர்ற வரைக்கும் யாரும் அடுப்புக்குக் குறுக்க போகக்கூடாது, பெத்த பிள்ளையா இருந்தாலும் வாசப்படிக்கு வெளியதான் நிக்கணும். மனுசருக்கு இது தெரியும். பூனைக்கு யாரு போயிச் சொன்னா? தீவாளிக்கு முந்துன வெள்ளிக்கிழமை, நிறைமாசச் சூலி, வயிறு தரையில உரச உரச, குட்டி போடக் கதகதப்பா ஒரு இடம் தேடிக்கிட்டு என் சுக்கு அந்த அடுப்புக்குக் குறுக்க நடந்து போச்சு. தவசிலிங்கம் கரண்டி நிறைய கொதிக்குற எண்ணெயை மோந்து அது முதுகுல ஊத்துனான். கை தவறி இல்ல. பாத்து, குறி வெச்சு, ஊத்துனான். அது போட்ட சத்தத்தை நான் யாருக்கும் சொல்லிக் காட்ட மாட்டேன்.

ஞாயித்துக்கிழமை சேவுக்காரங்க சங்கம் கூடுச்சு. நான் சுக்கை ஈரத்துணியில சுத்தி எடுத்துக்கிட்டுப் போயி நடுவுல நின்னு நியாயம் கேட்டேன். தலைவரு கொண்டல்சாமி அண்ணாச்சி கண்ணாடியைக் கழட்டிக்கிட்டே, "ஏம்மா தங்கபுஷ்பம், ஒனக்கு வேற சோலி இல்லையா? பூனைக்குப் பட்டது பூனையோட போச்சு. இதுக்கெல்லாமா கூட்டத்துல வந்து நிப்பாக?"ன்னாரு. எல்லாரும் சிரிச்சாக. தவசிலிங்கம்தான் அதிகமாச் சிரிச்சான். சிரிச்சுக்கிட்டே நாற்காலியில சாஞ்சவன், "ஐயோ அம்மா"ன்னு அலறிக்கிட்டு எந்திரிச்சான். சட்டையைக் கழட்டிப் பாத்தா, கழுத்துக்குக் கீழ ஆரம்பிச்சு இடுப்பு வரைக்கும், என் கையில கிடந்த சுக்குக்கு எந்த வளைவுல வெந்திருந்துச்சோ அதே வளைவுல, அவனுக்கும் தோலு உரிஞ்சு நீர் கோத்து நிக்குது. கொண்டல்சாமி அண்ணாச்சி பூனையை ஒருதரம் பாத்தாரு, முதுகை ஒருதரம் பாத்தாரு. "யாருட்டயாச்சும் தேங்கா எண்ணெ இருக்கா? ரெண்டு பேருக்கும் போடுங்க"ன்னாரு. கூட்டம் அத்தோட கலைஞ்சிருச்சு.

மறுவாரம் சுக்கு குட்டி போட்டுச்சு. எல்லாம் செத்தே வந்துச்சு. இங்க அது முக்கி முக்கிக் கிடந்த நேரத்துக்கு அங்க தவசிலிங்கம் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு உருண்டான், சங்கதி கேட்டு வந்த நர்ஸம்மா நாடி பாத்து, இது இடுப்பு வலிதான், சுடுதண்ணி வைங்கன்னு சொல்லிட்டுப் போனாக. அவன் பொண்டாட்டி ராஜகனி மதினி, நல்ல மனுசி, பிள்ளை பெத்தவளுக்குக் குடுக்குற மருந்தை அரைச்சு உருட்டி நாலு நாள் அவன் வாயில போட்டா, அப்பறம் ஒரு கிண்ணத்துல அதே மருந்தைக் கொண்டாந்து, சுக்குக்கும் குடுங்க மதினின்னு என் வாசப்படியில வெச்சுட்டு, என் முகத்தைப் பாக்காம போயிட்டா. நான் வாங்கிக்கிட்டேன். எம் பூனைக்கு மருந்து வேணும்ல.

அதுக்கப்பறம் தெரு அதை ஒரு அதிசயமா வெச்சுக்கல. மழை பேஞ்சா தட்டியை எறக்கிவிடுற மாதிரி, இதுவும் ஒரு சங்கதின்னு பழகிக்கிட்டாக. தவசிலிங்கத்துக்குக் காய்ச்சல்னா டாக்டரு மொதல்ல, பூனையைப் பாத்துட்டு வாங்கன்னு ஆள அனுப்புவாரு. அவன் மகனுக்குப் பொண்ணு பேசி முடிக்குற அன்னைக்கு, சுக்கு நல்லாச் சாப்பிட்டுச்சா, வாந்தி கீந்தி இல்லையேன்னு என்கிட்டக் கேட்டுக்கிட்டுத்தான் தாம்பூலத் தட்டை எடுத்தாக. தீவாளிக்கு எங்க தெருவுல வெடி கிடையாதுன்னு சங்கத்துலயே பேசி முடிவு பண்ணிட்டாக, ஏன்னா சுக்கு பயந்து கட்டிலுக்கு அடியில நுழைஞ்சா, விருந்தாளி வந்திருக்குற வீட்டுல தவசிலிங்கமும் கட்டிலுக்கு அடியில நுழைஞ்சு கிடந்தான். சுக்கு கடுவன் பூனைக்குக் கத்துற மாசத்துல அவன் மொட்டைமாடிச் சுவத்து மேல ஏறி உக்காந்துக்கிட்டு என்ன பாடுபட்டான்னு சொல்ல எனக்கு வாய் கூசுது, ராஜகனி மதினி ஏணியை எடுத்து ஒளிச்சு வெச்சா, அது மட்டும் சொல்றேன். தெருப் பொம்பளைக எல்லாம் முந்தானையை வாயில அமுக்கிக்கிட்டுச் சிரிச்சுச் சிரிச்சு மாளல.

நீங்க நெனைப்பீக, தங்கபுஷ்பத்துக்குக் கொண்டாட்டமா இருந்திருக்கும்னு. எங்க கொண்டாட்டம்? யோசிச்சுப் பாருங்க. அவனை நோக வைக்கணும்னா நான் சுக்கை நோக வைக்கணும். என்னால அது முடியுமா? நான் அதுக்கு அயிலை மீனை முள்ளெடுத்துப் போட்டேன், அவன் கன்னம் பளபளன்னு ஆச்சு. நான் அதுக்கு உண்ணி எடுத்துச் சீவிவிட்டேன், அவன் தலையில முடி கருகருன்னு வளந்துச்சு. வெயில் நேரத்துல அது என் மடியில சுகமாத் தூங்குச்சு, அவன் கல்லாவுல உக்காந்து சுகமாத் தூங்குனான். எம் பூனையை நான் சீராட்டச் சீராட்ட எம் பகையாளி செழிச்சான். என்ன பண்ணினாலும் அவனுக்கு லாபம். என் வயிறு எரிஞ்ச எரிச்சல்ல தெருவுல அத்தனை சட்டியும் கொதிச்சிருக்கும். அதனால நான் காத்துக்கிட்டு இருந்தேன். பூனைக்கும் ஒரு நாள் வயசாகும், அன்னைக்கு வெச்சுக்கிறேன்டா ஒனக்குன்னு, பாக்கெட்டு ஒட்டிக்கிட்டே, மனசுக்குள்ளயே சொல்லிக்கிட்டுக் காத்துக்கிட்டு இருந்தேன்.

வயசாச்சு. மொதல்ல காது போச்சு. தட்டை எடுத்துத் தட்டுனாலும் சுக்கு திரும்பாது, அங்க தவசிலிங்கத்துக்கிட்டயும் சைகையிலதான் பேசணும்னு ஆயிருச்சு. அப்பறம் கண்ணுல பால் படிஞ்ச மாதிரி ஆச்சு. அப்பறம் பின்னங்கால் இழுத்துச்சு. அப்பறம் தாகம், தீராத தாகம், இங்க கிண்ணத்துல ஊத்துற தண்ணியெல்லாம் காலியாகும், அங்க அவன் குடத்தைத் தூக்கி வாயில கவுத்துவான். கடைசியா வாய் பூராப் புண்ணு. அவன் ஒவ்வொரு ஈடு சேவையும் எடுத்து நாக்குல வெச்சு உப்பு உறைப்பு பாத்துட்டுத்தான் எறக்கச் சொல்லுவான், அந்த நாக்குலதான் அவனுக்குப் பெருமையெல்லாம், அந்த நாக்கு வெந்து போச்சு. தன் கொட்டகைச் சேவைத் தானே வாயில வைக்க முடியாம அவன் கண்ணுல தண்ணி விட்டுக்கிட்டு உக்காந்திருந்ததை நான் சுவத்து மேல எட்டிப் பாத்தேன். எனக்குக் குளுகுளுன்னு இருந்துச்சு. பொய் சொல்ல மாட்டேன்.

மாட்டாஸ்பத்திரிக்கு நஸ்ரின்னு ஒரு டாக்டரம்மா புதுசா வந்திருந்தாக, வெளியூருக்காரவுக, சின்ன வயசு. சுக்கை மேசையில போட்டு அமுக்கிப் பாத்துட்டு, "ரெண்டு கிட்னியும் போச்சும்மா. ரொம்ப வலியில இருக்கு. ஒரு ஊசி போட்டா தூங்குற மாதிரி போயிரும். யோசிச்சுச் சொல்லுங்க"ன்னாக.

"இப்பவேவா? எப்பன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"அதுக்கு என்னென்ன புடிக்கும்னு உங்களுக்குத்தான் தெரியும். அதெல்லாம் ஒண்ணொண்ணா நின்னுட்டே வரும். எல்லாம் நின்னுருச்சுன்னா, அப்ப."

நான் மண்டையை மண்டையை ஆட்டிட்டு வந்துட்டேன். நின்னுட்டுத்தான் வந்துச்சு. மெழுகுவத்திச் சூட்டுக்குப் பக்கத்துல வந்து படுக்குறது நின்னுச்சு. தயிர்ல விரலைத் தொட்டு நீட்டுனா நக்குறது நின்னுச்சு. நூல்கண்டை உருட்டுனா ஒரு கையால தட்டுறது எப்பவோ நின்னுச்சு. எல்லாத்தையும் பாத்தேன், பாத்துட்டு, நாளைக்குப் பாப்போம், நாளைக்குப் பாப்போம்னு தள்ளிக்கிட்டே போனேன். சுக்கைப் பிரிய மனசில்லாமன்னு ஊருக்குச் சொன்னேன். அதுவும் நெசந்தான். ஆனா சுவத்துக்கு அந்தப் பக்கம் அவன் முனகுறது கேட்டுச்சே, அதைக் கேட்டுக்கிட்டே சோறு திங்க நல்லா இருந்துச்சே, அதை விட எனக்கு மனசு வரல.

நடுவுல ஒரு நாள் அழுகுன பல்லை எடுக்கணும்னு டாக்டரம்மா சுக்குக்கு மயக்க ஊசி போட்டாக. நான் வீட்டுக்கு வந்தா ராஜகனி மதினி வாசல்லயே நிக்குறா. "மதினி, இவரு நல்லாத் தூங்குறாரு. எத்தனை நாளாச்சு இப்படித் தூங்கி! முகத்துல ஒரு சுணக்கம் இல்ல, வந்து பாருங்களேன்"னு என் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போயிக் காட்டுனா. வாயோரம் சிரிப்போட பச்சப்பிள்ளையாட்டம் தூங்குறான், தலையணைக்குப் பக்கத்துல ஒரு கடைவாய்ப் பல்லு தானா விழுந்து கிடக்கு. எனக்கு உடம்பெல்லாம் பத்திக்கிட்டு வந்துச்சு. அப்பதான் எனக்கு வெளங்குச்சு. ஊசி போட்டு சுக்கை நோகாம அனுப்புனா, இவனும் இப்படித்தான் நோகாம, சிரிச்சுக்கிட்டே போவான். எம் பூனை வயித்துல இருந்த குட்டிகளைக் கொன்னவனுக்கு இப்படியா ஒரு சாவு? நடக்க விடுவேனா? டாக்டரம்மாகிட்டப் போயி, ஊசியெல்லாம் வேண்டாம், குளுக்கோஸ் ஏத்துங்க போதும்னு சொல்லிட்டேன்.

சொன்னது மட்டுமில்ல, சங்கத்துக்கும் ஆள் அனுப்புனேன். அன்னைக்குச் சிரிச்ச அத்தனை பேரும் என் வாசலுக்கு வரணும், அவன் எல்லார் முன்னாலயும் சுக்குகிட்ட மன்னிப்புக் கேக்கணும், இல்லாட்டி நாளையிலேருந்து குளுக்கோஸும் கிடையாது, பூனை கிடந்து துடிக்கட்டும், அவனும் துடிக்கட்டும்னு சொல்லிவிட்டேன். அப்படிச் சொன்ன வாயி இந்த வாயிதான்.

வந்தாக. கொண்டல்சாமி அண்ணாச்சி தடியை ஊனிக்கிட்டு வந்தாரு, மத்தவுக எல்லாம் செருப்பைக் கழட்டி வெச்சுட்டு வந்தாக, தவசிலிங்கத்தை நாற்காலியோட தூக்கிக்கிட்டு வந்து என் நடுவீட்டுல எறக்குனாக. நான் சுக்கைப் பழைய சேலையில படுக்க வெச்சிருந்தேன். அவன் நாற்காலியிலேருந்து சரிஞ்சு எறங்கித் தரையில கையை ஊனி, காது கேக்காதவன் போடுற கத்தல்ல, "சுக்கு, நான் பண்ணது தப்பு! ஒன் குட்டிகளைக் கொன்னது நான்தான்! என்னை மன்னிச்சிரு!"ன்னு கத்துனான். வீடு அதிர்ந்துச்சு. பதினஞ்சு வருசமா நான் கேக்கக் காத்துக்கிட்டு இருந்த வார்த்தை. சுக்கு சுவத்தைப் பாத்துப் படுத்திருந்துச்சு. அதுக்குத்தான் காது கேக்காதே. அவன் கத்துனது அவனுக்கும் கேக்கல. எங்க மூணு பேருல கேட்ட காது என்னோடது மட்டுந்தான், அதுவும் கேட்டதும் ஆறும்னு நெனைச்சேன், ஒரு துளி ஆறல.

அவன் அத்தோட விடல. என் பக்கம் திரும்பி, "தங்கச்சி, மதுரையில ஒரு டாக்டரு இருக்காராம். மூக்கு வழியாக் குழாய் விட்டுக் கஞ்சி ஊத்துனா இன்னும் ஆறு மாசம் இழுக்கலாமாம். நான் வண்டி சொல்லியிருக்கேன். சரின்னு சொல்லு தங்கச்சி. எனக்குச் சாகப் பயமா இருக்கு"ன்னான். எனக்குச் சந்தோசம்னா சந்தோசம். ஆறு மாசம்! இந்த நாக்கோட, இந்தக் காலோட, இந்தத் தாகத்தோட இன்னும் ஆறு மாசம் நீ கிடந்து அனுபவிடான்னு நெனைச்சுக்கிட்டு, சரின்னு தலையை ஆட்டுனேன். அவனும் ஆட்டுனான். அவன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், நடுவுல சுக்கு, ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துத் தலையை ஆட்டிக்கிட்டு இருக்கோம்.

ஆட்டிக்கிட்டே சுக்கு நெத்தியைத் தடவப் போனேன். தினமும் விடியக்காலம் அது வந்து என் தாடையில நெத்தியை வெச்சு ஒரு முட்டு முட்டும், எத்தனை வயசானாலும், கண்ணு மங்குனப்பறமும் தடவித் தடவி வந்து முட்டும், அந்த நெத்தி. என் விரல் பட்டதும் அது தலையை அந்தப் பக்கம் இழுத்துக்கிச்சு. கோவத்துல இல்ல. வலிக்குது. என் கை பட்டாலே வலிக்குது. நான் கையை எடுத்துட்டு நிமிந்து பாத்தா, எதிர்க்க அவன் இன்னும் தலையை ஆட்டிக்கிட்டே இருக்கான். அப்பதான் எனக்கு உறைச்சுச்சு. இந்த வீட்டுல ரெண்டு கட்சி இல்ல. அவன் சாகப் பயந்து இதைக் கிடத்தி வைக்கச் சொல்றான், நான் அவனைத் துடிக்க வைக்க இதைக் கிடத்தி வெச்சிருக்கேன். நானும் அவனும் ஒரே கட்சி. சுக்கு மட்டுந்தான் தனியாக் கிடக்கு.

"எல்லாரும் வெளிய போங்க"ன்னேன். மதுரை வண்டியைத் திருப்பி அனுப்பச் சொன்னேன்.

மறுநாள் காலையில நஸ்ரின் டாக்டரம்மா பெட்டியோட வந்தாக. தெரு பூரா என் வாசல்ல. கொண்டல்சாமி அண்ணாச்சி தடியைக் குறுக்க நீட்டி, "தங்கபுஷ்பம், நல்லா யோசிச்சுத்தான் பண்றியா? ஒரு மனுச உயிரும்மா. அவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"ன்னாரு.

"அவன் எம் பூனைகிட்டக் கேட்டானா?"

அவரு தடியை எறக்கிட்டாரு. டாக்டரம்மாவுக்கு ஒண்ணும் வெளங்கல, பூனையைத்தானே சொல்றீங்கன்னு கேட்டாக. ஆமான்னேன்.

என்னை உத்தமின்னு யாரும் நெனைச்சுறாதீங்க. சுக்கை எடுத்து மடியில வெச்சுக்கிட்ட அந்த நேரத்துலயும், சுவத்துக்கு அந்தப் பக்கம் கிடக்குறவன் நெனப்பு என் மனசை அறுத்துச்சு. பாவி, ஒனக்கு இம்புட்டு நல்ல சாவா, நான் ஒருத்தி வெந்துக்கிட்டுக் காத்துக் கிடந்தது இதுக்கான்னு பல்லைக் கடிச்சேன். விட்டுறலாமா, ஊசி வேண்டாம்னு சொல்லிறலாமான்னு வாய் வரைக்கும் வந்துச்சு. சுக்கு மூச்சு விடுறதுக்கு விலா எலும்பு ஒவ்வொண்ணும் ஏறி எறங்குது. "போடுங்க"ன்னு சொல்லிட்டேன். காது கேக்காதுன்னு தெரிஞ்சும் அது காதுல, "போயிட்டு வாடி, என் தங்கமே, ஒன்னை ரொம்பப் பாடுபடுத்திட்டேன்"னு சொன்னேன். மொத ஊசியிலயே அது கழுத்து தளந்துச்சு. ரொம்ப நாளைக்கப்பறம் என் கையில கனமாச் சாஞ்சுச்சு. தடவுனேன். தலையை இழுத்துக்கல. நெத்தியிலேருந்து வாலு வரைக்கும், அந்த வெந்த தழும்பு மேல, ஆசை தீரத் தடவுனேன். ரெண்டாவது ஊசியில மூச்சு நின்னுச்சு. அப்ப நான் அவனை நெனைக்கவே இல்ல.

சுவத்துக்கு அந்தப் பக்கம் ஒப்பாரி கிளம்பும்னு பாத்தேன். கிளம்பல. அப்பறம் வாசல்ல காலடிச் சத்தம். கூட்டம் வழி விட்டுச்சு. ராஜகனி மதினி வந்தா. தலை அவுந்து கிடக்கு, கண்ணு காஞ்சு கிடக்கு. அடிக்கத்தான் வர்றான்னு நெனைச்சேன், அடிச்சா வாங்கிக்கிறதுன்னு சுக்கை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு எந்திரிச்சு நின்னேன். அவ குனிஞ்சு என் ரெண்டு காலையும் கட்டிப் பிடிச்சுக்கிட்டா.

"வலின்னு ஒரு வார்த்தை சொல்லல மதினி. என் மடியிலதான். சிரிச்ச மொகமாப் போயிட்டாரு. ஒங்க கைக்கு அந்தப் புண்ணியம். நீங்க நல்லா இருக்கணும்."

"அவருக்காக இல்ல மதினி"ன்னேன். "அவரை நெனைச்சு இல்ல. எங்கிட்ட நன்றி சொல்லாதீங்க."

"தெரியும் மதினி"ன்னா. காலை விடல. என் ரெண்டு கையிலயும் சுக்கு இருந்துச்சு, அவளைத் தூக்கி நிறுத்தவும் முடியல, உதறவும் முடியல, அவ அழுது முடிக்குற வரைக்கும் அப்படியே நின்னேன்.